எட்டாம் போல்ற் உபயம்

"கழண்டு விழாது எண்டு எழுதி, கீழை கையெழுத்தும் வைச்சுத் தாங்கோ."

நிரூபா இதைக் கேட்டது 1997ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமைப் பின்னேரம் ஒன்றில், ஸ்காபுறோ வைரவர் கோயிலின் பரிபாலன சபைக் கூட்டத்தில். கேட்ட கணத்தில் மின்விசிறியைத் தவிர மண்டபத்தில் மற்றதெல்லாம் நின்றது. வடையை வாயில் வைத்திருந்த சபை உறுப்பினர் ஒருவர், கடிப்பதா விழுங்குவதா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

வீட்டிலிருந்து புறப்படும்போது தாய் பாலேஸ்வரி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "அழு பிள்ளை. கத்து. காலிலை வேணுமெண்டாலும் விழு. ஆனால் எழுதித் தாங்கோ எண்டு மட்டும் கேட்டிடாதை. அவையள் பெரிய ஆக்கள். பிறகு அப்பாவின்ரை சாரதி வேலைக்கு மண் விழுந்திடும்."

தாய் சொன்னதில் நியாயம் இருந்தது. சபையில் இருந்த பதினொருவரும் ஊரில் உத்தியோகம் பார்த்தவர்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கியே தலை நரைத்தவர்கள். அவர்களிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது, ஐயரிடம் போய் "பூணூலைக் காட்டு" என்று கேட்பது போன்றது.

ஆனால் நிரூபாவுக்குப் பயம். சாதாரணப் பயம் இல்லை, ஒரு கிழமையாகச் சோறு இறங்காத பயம். நாளை காலை தீர்த்தத் திருவிழா. அவளுடைய தகப்பன் ஏகாம்பரம் சுவாமியை ஏற்றிய ஜீப்பை ஓட்டிக்கொண்டு பிறிம்லி வீதியின் செங்குத்தான இறக்கத்தால் ஏரிக்கரைக்கு இறங்குவார். பிறகு அதே வீதியால் ஏறி வருவார். அவளுடைய தாய் கற்பூரச்சட்டியோடு ஜீப்புக்குப் பின்னால் நடந்து வருவாள். அந்த ஜீப்பின் பின்கதவில் நூற்று முப்பது கிலோ இரும்பும் ரப்பரும் கருங்கல்லும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் தாங்கி நின்றவை ஏழு போல்ற் மரையாணிகளும் ஒரு பூவும்.

பூ எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கோயில் ஒரு தொழிற்பேட்டையில், குளியலறை ஓடு விற்கும் கடைக்கும் மெத்தை விற்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. சுவாமி தீர்த்தமாடக் கடல் வேண்டும். ரொறன்ரோவில் கடல் கிடையாது. ஆகவே 1993ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஒன்ராறியோ ஏரியைச் சமுத்திரமாகக் கருதுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஏரிக்கு அறிவிக்கவில்லை. மூன்று வருடம் வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் சுவாமி போய் வந்தார். நாலாம் வருடம் வான் ஏரிக்கரை மணலில் புதைந்தது. நாற்பது பேர் தள்ளினார்கள். வைரவர் ஒரு பக்கமாகச் சரிந்து, மணலில் படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைக் கோபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். தம்பதி பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

அதனால்தான் அடுத்த வருடம் ஜீப் வந்தது. பழைய ஜீப். மணலிலும் சேற்றிலும் பாறையிலும் ஏறும் என்று விளம்பரத்தில் இருந்தது. அதன்மேல் உபயகாரர்கள் ஏறினால் தாங்குமா என்பது விளம்பரத்தில் இல்லை. பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தைச் சாரதியாக நியமித்து, கூட்டத்தில் மாலை போட்டு, ஒரு கடதாசியில் கையெழுத்தும் வாங்கினார்கள். ஏகாம்பரம் அந்த மாலையை ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார்.

ஜீப்பில் ஒரே ஒரு சிக்கல். சுவாமி அமர வேண்டிய இடத்தில் ஸ்பெயர் ரயர் அமர்ந்திருந்தது. அதை வெளியே எடுத்துப் பின்பக்கம் மாட்ட ஒரு தாங்கி வேண்டும். எக்ளிண்டன் வீதியில் கராஜ் வைத்திருந்த பேனாட்டைக் கூப்பிட்டார்கள். பேனாட் வேதக்காரன். வாகனத்துக்கு மதம் பார்ப்பதில்லை என்று சபை அவனைப் பொறுத்துக்கொண்டது.

பேனாட் ஜீப்புக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினான். "ஐயா, உதைப் பம்பரிலை பூட்டுவம். பம்பர் அடிச்சட்டத்தோடை நிக்கிறது, பாரம் தாங்கும். கதவிலை பூட்டினால் கதவு அழும். ஒரு மில்லிமீற்றரும் இல்லாத தகடு."

சபைத் தலைவர் கனகசபாபதியார் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்தவர். எதையும் அடிப்படையிலிருந்து கேட்பார். "பம்பரிலை பூட்டினால் உபயகாரரின்ரை பேர் எந்த உயரத்திலை வரும்?"

"முழங்காலடியிலை வரும்."

"ஒரு குடும்பத்தின்ரை பேரை முழங்காலடியிலை போடுறதோ? கதவிலை பூட்டும்."

தாங்கியை உபயம் செய்ய எட்டுக் குடும்பங்கள் போட்டி போட்டன. சபை இரண்டு கூட்டம் கூடி ஆராய்ந்தது. தாங்கிக்கு எட்டு போல்ற்றுகள் என்று தெரிய வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. குடும்பத்துக்கு ஒரு போல்ற். ஒவ்வொரு போல்ற்றையும் வெள்ளித்தட்டில் வைத்து, மேளம் முழங்கக் கோயிலை மூன்று தரம் சுற்றி எடுத்துவந்தார்கள். பேனாட் ஒவ்வொன்றையும் இறுக்கும்போது அந்தந்தக் குடும்பத்தவர்கள் அவனுடைய முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். எட்டாவது குடும்பத்தில் பதினாறு பேர். அந்த போல்ற் சரியாக இறுகவில்லை.

ரயருக்குச் சங்காபிஷேகம் நடந்தது. வைரவரின் திருவுருவம் அச்சடித்த உறை போட்டார்கள். அதன் விளைவு பதினோராம் நாள் தெரிந்தது. தரிப்பிடத்தில் நின்ற ஜீப்பின் முன்சில்லு காற்றுப் போய்ச் சப்பளிந்தது. உதவிக்கு வந்த இழுவை வண்டிக்காரன், சபைக்காரர் வடை தின்றுகொண்டு பார்த்திருக்க, பின்னால் போய் ஸ்பெயர் ரயரைக் கழற்றக் கை வைத்தான். பதினொரு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டான்.

"சுவாமி படம் போட்ட ரயரை நிலத்திலை உருட்டுறதோ?" என்று கனகசபாபதியார் கேட்டார். ஆகவே ஸ்பெயர் ரயருக்கு ஒரு ஸ்பெயர் ரயர் வாங்குவது என்று முடிவாயிற்று. அதை வாங்கித் தந்தவர் ஒரு வார்த்தை கேட்டார்: "மற்றவன்ரை ரயருக்குச் சங்காபிஷேகம், என்ரை ரயர் மட்டும் ரோட்டிலை உருளுறதோ?" நியாயமான கேள்வி. அதற்கும் சங்காபிஷேகம் செய்தார்கள். இப்போது பின்கதவில் இரண்டு ரயர்கள், வைரவருக்குச் சாத்திய வடைமாலையில் எஞ்சிய இரண்டு வடைகள் போல ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. இரண்டையும் பாவிக்க முடியாது.

பிறகு ஏணி வந்தது. பிறகு இருபது லீற்றர் தீர்த்தக் கான் வந்தது. கங்கைத் தீர்த்தம் ஒரு சிறு போத்தல், மிச்சம் குழாய்த் தண்ணீர். ஏரிக்குப் போகும் வாகனம் தண்ணீர் ஏன் சுமக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மணி வந்தது. கடைசியாக எல்லா உபயகாரரின் பெயரும் பொன்னெழுத்தில் வெட்டிய கருங்கல் பலகை வந்தது. அது ரயர்களின் நடுவில், இலக்கத்தகட்டையும் ஒரு பக்கத்துச் சிவப்பு விளக்கையும் மறைத்துக்கொண்டு ஏறியது. கதவைத் திறக்க நாலு பேர் தேவைப்பட்டதால், அது வருடத்துக்கு ஒருதரம் மட்டும் திறக்கும் கதவென்று தீர்மானம் போட்டார்கள். சுவாமி சாரதிக்குப் பக்கத்துக் கதவால், ஆசனங்களுக்கு மேலாக ஏறிப் பின்னால் போவார்.

கல்லில் இரத்தினவேலின் பெயர் அவருடைய மைத்துனரின் பெயருக்குக் கீழே இருந்தது. இரத்தினவேல் எட்டாம் போல்ற்றுக்குச் சொந்தக்காரர். வெள்ளிக்கிழமைப் பூசை முடிய ஸ்பனரோடு வந்தார். தன்னுடைய போல்ற்றைக் கழற்றினார். கைலேஞ்சியில் சுற்றினார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்துவிட்டார்.

பேனாட் வேறொரு போல்ற் போட வந்தான். சபை விடவில்லை. "எட்டாம் போல்ற் இரத்தினவேல் வீட்டுக்காரரின்ரை பரம்பரை உரிமை," என்றார் கனகசபாபதியார். "அவையள் மனம் மாறி வரும்வரை இன்னொருத்தரின்ரை போல்ற்றைப் போட்டால் நாளைக்கு வழக்கு வரும்." ஆனால் வெறும் துளையாக விடுவதும் அபசகுனம். அதனால் சுப்பர்மார்க்கெற்றில் வாங்கிய மஞ்சள் கார்னேசன் பூ ஒன்றை அந்தத் துளையில் செருகினார்கள். ஒவ்வொரு வெள்ளியும் பூவை மட்டும் மாற்றுவார்கள்.

நிரூபா அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இயந்திரப் பொறியியல் படித்து, மார்க்கம் நகரில் ஓர் அலுவலகத்தில் கதவுப் பிணைச்சல்களும் தாங்கிகளும் எத்தனை கிலோவில் முறியும் என்று பார்ப்பதைத் தொழிலாகச் செய்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு மூன்று வருடமாக 401 பெருந்தெருவில் லொறிச் சில்லுகள் கழன்று பறந்து கார்களில் விழுந்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். காலைச் செய்தியில் அதைக் கேட்டபடிதான் அவள் வேலைக்குப் போவாள். போகும் வழியெல்லாம் லொறிகளின் பக்கத்தில் போகாமல் ஒதுங்கி ஓடுவாள். தன் தகப்பன் ஓட்டும் ஜீப்பிலேயே அப்படி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

போன ஞாயிறு வெள்ளோட்டம். தேருக்குச் செய்வது போலவே தேங்காய் உடைத்து, ஜீப் தரிப்பிடத்தை ஒருமுறை சுற்றியது. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்கதவு ஒரு சத்தம் போட்டது. மாடு கன்று போடும்போது முனகுவது போன்ற சத்தம். கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் பெருவிரல் போகுமளவு இடைவெளி விழுந்தது. கூட்டம் "அரோகரா" என்றது. எல்லோரும் அன்னதானத்துக்குப் போன பிறகு நிரூபா பின்கதவின் மேற்பிணைச்சலைத் தடவிப் பார்த்தாள். வர்ணத்துக்குள் மயிர் போல ஒரு விரிசல். விரலில் துரு ஒட்டியது. கைப்பையிலிருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்து விரிசலின் நுனியில் ஒரு கோடு போட்டாள்.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தாள். விரிசல் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு நெல்லின் நீளம் போயிருந்தது. ஜீப் அந்தக் கிழமை முழுக்க ஓர் அடியும் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றே வெடித்திருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் கூட்டத்துக்குள் நுழைந்து அதைக் கேட்டாள்.

கனகசபாபதியார் கண்ணாடியைக் கழற்றி, சால்வையால் துடைத்து, மறுபடி போட்டார். "பிள்ளை, நீர் படிச்ச பிள்ளை. எங்கட ஆக்களுக்கை இஞ்சினியர் எண்டு வந்த பெட்டை. எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் படிப்பு வேறை, நிர்வாகம் வேறை."

"விரிசல் வளருது அங்கிள். ஒரு கிழமையிலை இவ்வளவு."

"எந்தப் பக்கமாய் வளருது?"

"மேலுக்கு."

"பாத்தியளே?" அவர் சபையைத் திரும்பிப் பார்த்தார். "மேல்நோக்கி வளருது. கீழ்நோக்கி எண்டால் நாங்கள் யோசிக்கலாம்."

செயலாளர் ஸ்ரீதரன் கூட்டக் குறிப்பேட்டில் 'வளர்ச்சி மேல்நோக்கி' என்று எழுதிக்கொண்டார்.

நிரூபாவின் குரல் நடுங்கியது. கோபத்தில் என்று சபை நினைத்தது. பயத்தில் என்று அவளுக்குத் தெரியும். "அங்கிள், தீர்த்தம் முடிஞ்சு அந்த ஏற்றத்திலை ஏறி வரேக்கை பாரமெல்லாம் பின்னுக்கு இழுக்கும். கழண்டால் கல்லு காலடியிலை விழும். ரயர் சும்மா விழாது, ஏரி வரைக்கும் உருளும். நடுவிலை நிக்கிறது எங்கட அம்மாவும் அவாவோடை முப்பது பொம்பிளையளும். அவையளை முன்னுக்காவது விடுங்கோ."

"சுவாமிக்கு முன்னாலை மேளம். மேளத்துக்கு முன்னாலை சபை. பின்னுக்குத்தான் பொம்பிளையள். உது இண்டைக்கு நேற்று வந்த முறை இல்லை." கனகசபாபதியார் சிரித்தார். "அதோடை, சபை முன்னுக்குப் போறதாலை சபைக்கு ஒரு ஆபத்தும் இல்லையெண்டது நீர் சொன்னதிலையே விளங்குதுதானே?"

வடையை வாயில் வைத்திருந்தவர் இப்போது விழுங்கினார்.

"அப்ப விழாது எண்டு எழுதித் தாங்கோவன்," என்றாள் நிரூபா. "உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை எண்டால்."

"கையெழுத்தோ?" அவர் அந்தச் சொல்லை, இலையில் விழுந்த மயிரை எடுப்பது போல எடுத்தார். "முப்பத்தொரு வருசம் கச்சேரியிலை இருந்தனான் பிள்ளை. ஆயிரக்கணக்கிலை கையெழுத்து வாங்கினனான். நான் வைச்சது சம்பளப் புத்தகத்திலை மட்டும். பொறுப்பு எண்டது ஒரு இடத்திலை நிக்கக் கூடாது. நிண்டால் நாறிப்போம். மேலையிருந்து வந்தால் கீழை விடவேணும், கீழையிருந்து வந்தால் மேலை விடவேணும். என்ரை மேசையிலை முப்பத்தொரு வருசம் ஒண்டும் தங்கினதில்லை."

"அப்ப விழுந்தால் ஆர் பொறுப்பு?"

"நல்ல கேள்வி. முதலே கேட்டிருக்கலாம்." அவர் உண்மையிலேயே மகிழ்ந்து போனார். நிர்வாகத் திறமையை விளக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்த முகம். "வாகனத்தைக் கோயிலின்ரை பேரிலை எடுத்தால் கோயில் மாட்டுப்படும். சபையின்ரை பேரிலை எடுத்தால் நாங்கள் மாட்டுப்படுவம். அதாலை முன்யோசனையாய் உம்மடை அப்பாவின்ரை பேரிலை எடுத்தனாங்கள். பதிவு, காப்புறுதி, எல்லாம் ஏகாம்பரம்தான். ஒரு குறையும் வராது. வந்தாலும் எங்களுக்கு வராது."

மண்டபத்தின் கடைசியில், சாரதிக்குக் கதிரை ஒதுக்கும் வழக்கம் இல்லாததால், ஏகாம்பரம் சுவரோடு நின்றுகொண்டிருந்தார். நிரூபா திரும்பிப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா. என்ன சொல்லி உங்களிட்டைக் கையெழுத்து வாங்கினவை?"

"சாரதியைக் கௌரவிக்கிற பத்திரம் எண்டவை, பிள்ளை."

"மாலை போட்டனாங்கள்தானே?" என்றார் செயலாளர், கொஞ்சம் மனம் நொந்து.

நிரூபாவுக்கு நாளைய தீர்த்தம் கண்முன் வந்தது. பிறிம்லி வீதி ஏற்றத்தில் ஒரு பொலிஸ்காரன் குனிந்து நிற்பது தெரிந்தது. நிலத்தில் கற்பூரச்சட்டி உடைந்து இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "இந்த வாகனம் யாருடையது?" என்று அவன் கேட்கிறான். சபை மேளத்துக்கு முன்னால் வெகுதூரம் போய்விட்டது. அரைகுறை இங்கிலிசில் அப்பா "என்னுடையது" என்கிறார், அது உண்மை என்பதால். பிறகு என்ன நடந்தது என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

"ஐயா," ஏகாம்பரம் கதைத்தார். அந்தச் சபையில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "பாலேஸ் பின்னாலை வருவா, ஐயா."

"வரட்டும், வரட்டும். புண்ணியம்," என்றார் கனகசபாபதியார். பிறகு குரலை ஏற்றினார். "பிள்ளையின்ரை கோரிக்கையை நாங்கள் தட்டிக் கழிக்கேல்லை. மூண்டு பேர் கொண்ட உபகுழு போட்டு ஆராய்வம். அறிக்கையைத் தீர்த்தம் முடிஞ்சு பதினைஞ்சு நாளுக்குள்ளை சமர்ப்பிக்க வேணும். உபகுழுவுக்குத் தலைவர் நான். ஆரும் ஆட்சேபனையோ?"

ஆட்சேபனை இல்லை. பதினொரு கை உயர்ந்தது. உபகுழுவின் மற்ற இரண்டு இடத்துக்கும் ஐந்து பேர் விருப்பம் தெரிவித்ததால் அதில் கொஞ்சம் இழுபறிப்பட்டார்கள். அந்த இழுபறிக்குள் நிரூபா தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்கட பேரிலை எண்டால் அது உங்கட வாகனம் அப்பா. இவையிட்டை ஒண்டும் கேக்கத் தேவையில்லை. உங்களிட்டைக் கேக்கிறன். கழட்டட்டோ?"

ஏகாம்பரம் மகளைப் பார்க்கவில்லை. மேடையில் மாலையோடு இருந்த வைரவரைப் பார்த்தார். தன்னை மாலை போட்டுக் கௌரவித்த பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். மார்க்கம் நகரத்துப் பெண் பொறியியலாளர்களுக்கு உத்தரவு கொடுத்துப் பழகாத ஒரு மனிதர், வாய்க்குள்ளே ஓர் இலக்கத்தைச் சொன்னார்.

"பதினேழு."

அவளுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது.

"பதினேழாம் நம்பர் ஸ்பனர்," என்றார் அவர் இன்னும் மெதுவாக. "சப்பாத்துத் தட்டுக்குக் கீழை, நீலப் பையுக்கை கிடக்கு. நானும் ஒவ்வொரு நாளும் வேலை முடிய வந்து இறுக்கிப் பாத்தனான் பிள்ளை. நிக்குதில்லை. முதலிலை கல்லை இறக்கு. தனியத் தூக்காதை, பேனாட்டுக்குப் போன் அடிச்சுக் கூப்பிடு. இருட்டுக்கு முதல் முடிச்சிட்டு, ரயர் ரெண்டையும் அந்த மெத்தைக் கடைச் சுவரோடை சாத்திவிடு."

நிரூபா நடந்தாள். பயந்துகொண்டும் நடக்க முடியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

செயலாளர் ஸ்ரீதரன் பேனாவைத் தூக்கினார். "ஐயா, பிள்ளை போறா. குறிப்பிலை என்னெண்டு எழுதுறது?"

கனகசபாபதியார் ஒரு விநாடி யோசித்தார். சபையின் யாப்பு விதிகளில் அதற்கும் இடம் இருந்தது. "வெளிநடப்பு எண்டு போடும்," என்றார். "காரணம் தெரிவிக்கப்படவில்லை."

வாசலில் அவள் குனிந்து சப்பாத்துகளை விலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே உபகுழுவின் இரண்டாவது இடத்துக்கு வாக்கெடுப்பு ஆரம்பமாகியிருந்தது. நீலப் பை அவள் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் தள்ளி, வெயிலுக்குள் இறங்கினாள்.